ராஜா தமிழில்தான் பேச வேண்டும்

என் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு விதியை மட்டும் சொல்லவில்லை. அதைப் போட்டவள் நான்தான்.

மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா சமயம். எனக்குப் பதின்மூன்று வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், ஞாயிறு மத்தியானங்களில் ஒரு நாடே நடந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மலை, ஆறு, கோட்டை வரைந்திருந்தேன். சீட்டுக் குலுக்கி ராஜா, மந்திரி, தளபதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுப்போம். கதை சொல்வது நான். ஆற்றில் முதலை வருகிறது, என்ன செய்வாய் என்று கேட்பேன். வேஷத்துக்குத் தக்க பதிலைச் சொல்லித் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். பிழைத்தானா செத்தானா என்பதை விழுகிற எண் சொல்லும்.

ஆடுவது அண்ணன், தங்கை, பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்பத்துப் பையன். மலாக்கா செட்டிகள் எங்களுக்குப் பல தலைமுறை முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கோயில், திருநீறு, பொங்கல் எல்லாம் உண்டு. வீட்டில் பேசுவது மலாய். "வேணும்னே தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறாங்க" என்பார் அம்மா. நானும் நம்பினேன். அவன் வீட்டில் ஆடியபோது என் ஓட்டை மலாயில் நான் ராணியாக இருந்திருக்கிறேன். அங்கே ஒருவரும் சிரித்ததில்லை.

மாதக்கணக்கில் அவனுக்குத் திருடன் சீட்டே விழுந்தது. ஒரு நாள் ராஜா விழுந்தது. எழுந்தே நின்றுவிட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது.

"ராஜா தமிழ்லதான் கட்டளை போடணும்."

"பாவம்லா, விடு" என்றான் அண்ணன்.

"நெத்தியில திருநீறு மட்டும் பளிச்சுனு இருக்கு. பேச வராதாமா?"

அவன் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் சொல்லட்டுமா என்று மலாயில் கேட்டான். "போலே" என்றேன். சொல்லலாமாம். பெரிய மனசு எனக்கு.

அடுத்த ஞாயிறு குளித்துத் தலைவாரி வந்தான். சட்டைப் பையில் ராஜா சீட்டு. நிமிர்ந்து நின்று, கண்ணை மூடி, மூச்சு விடாமல் சொன்னான். கட்டளை இல்லை. கோயிலில் பூசாரி பாடக் கேட்டுப் பழகிய தேவாரம். பாதி வார்த்தைகள் உடைந்திருந்தன.

நான்தான் முதலில் சிரித்தேன். "டேய், நீ ராஜாவா பூசாரியா?"

தங்கை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. நான் தாயக்கட்டையை உருட்டினேன். என்ன விழுந்தது என்று பார்க்கக்கூட இல்லை. "ஜனங்க ராஜாவ வெரட்டிட்டாங்க" என்று கதையை முடித்தேன்.

அவன் சீட்டை மேசையில் வைத்தான். ஒரு வாரம் பையில் இருந்தும் கசங்கவில்லை. அம்மாவிடம் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

அவன் யாரிடமாவது நாலு வார்த்தை கேட்டு வந்திருக்கலாம். அண்ணனே சொல்லிக்கொடுத்திருப்பான். கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும், சாமி முன்னால் மட்டும் சொல்வதை, என் முன்னால் நின்று சொன்னான். நான் அதைத் தப்பான பதில் என்று நினைத்தேன்.