சூலூர்ப்பேட்டையில் வாங்கிய சைக்கிள்

தொழில் விஷயமாக எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் நான் காரில் ஏறுவதில்லை. வாடகைக்கு ஒரு சைக்கிள் பிடித்து ஊரைச் சுற்றுவேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மீன் பெட்டி, தக்காளிப் பெட்டி என்று பிளாஸ்டிக் பெட்டி வார்க்கிற கம்பெனி கரூர்ப் பக்கம் எனக்கு இரண்டு ஓடுகிறது. அது படித்தவன் போட்டுக் கொடுத்த திட்டத்தால் வந்ததல்ல. ஓட்டைக் குடமும் பிய்ந்த வாளியும் வாங்க மணிக்கணக்கு வாடகையில் சைக்கிள் எடுத்துத் தெருத் தெருவாக மிதித்தவன் நான். காரில் வருகிறவனைக் கண்டால் ஊர் தலை சீவிக்கொண்டு நிற்கும். சைக்கிளில் வருகிறவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எந்தக் கூடை ஓட்டை, எந்தப் பெட்டி உடைசல், யாருக்கு என்ன தேவை என்று ஒரே நாளில் எனக்குத் தெரிந்துவிடும். என் மகன்கள் லேப்டாப்பில் ஒரு மாதம் தேடி எடுப்பதை நான் ஒரு மத்தியானத்துக்குள் எடுத்து வந்திருக்கிறேன்.

இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் பெருமை பேசின அதே வாய் ஒரு நாள் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பழவேற்காட்டில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவப் பெண், தன் புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எட்டு மாதமாகக் காத்திருந்தாள். அவளுக்கு நான் ஒரு பதில் சொன்னேன். அது பொய்.

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம். அந்தக் கரையில் மீன் எடுக்கிற வியாபாரிகள் பெட்டி கேட்டிருந்தார்கள். நெல்லூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, வழியில் சூலூர்ப்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு, இரவு பொன்னேரியில் தங்கினேன். காலையில் பழவேற்காடு போய்ச் சேர்ந்ததும் டிரைவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, டீக்கடையில் வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என் வெள்ளை வேட்டியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், கார வச்சிக்கினு சைக்கிள் கேக்குற? ஞாயித்துக்கெழமைல மெட்ராஸ்காரனுங்க வருவானுங்க, டவுசர் போட்டுக்கினு, தலைல பாதி பூசணிக்கா கவுத்த மாதிரி ஒண்ணு மாட்டிக்கினு. அவனுங்களே சைக்கிள் எட்துக்கினு வந்துருவானுங்க. வாடகைக்குலாம் இப்ப யாரு வுடுறா?"

நான் விடுகிற ஆளில்லை. மார்க்கெட், பஸ் நிற்கிற இடம், கோட்டைப் பக்கம் என்று ஒரு மணி நேரம் விசாரித்து அலைந்தேன். கடைசியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரருக்கு என் வயசிருக்கும். உள்ளே சுவர் ஓரம் ஒரு பழைய சைக்கிள் நின்றது. ஹேண்டில் பாரில் குழந்தை உட்காருகிற சின்ன சீட்டு. அதன் கீழே கம்பி முழுக்க நீல வலைக்கயிறு நெருக்கிச் சுற்றியிருந்தது.

"ஏனுங்க, அது ஓடுமுங்களா?"

"ஓடும். அத்த வுடு சார்."

"வேற இருக்குதுங்களா?"

அவர் கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். பிறகு தானாகவே எழுந்து அதற்குக் காற்றடித்தார். "எட்துக்கினு போ. ஆனா பாலத்த தாண்டி அந்தாண்ட போவாத. இந்தாண்டயே சுத்து. மார்க்கெட்டு, கோட்டை, பொன்னேரி ரோடு, அல்லாம் நல்ல ரோடு. அந்தாண்ட போனா மண்ணு. டயரு போயிடும்."

டயருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். வியாபாரத்தில் ஒருத்தன் "அங்கே போகாதே" என்றால் முதலில் அங்கேதான் போவேன். அப்படிப் போய்த்தான் நான் ஆளானேன். மீனும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே இறங்குகிறது.

பாலத்தில் எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் ஏரி கலங்கிக் கிடந்தது. படகுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பாலம் இறங்கியதும் தார் ரோட்டின் மேல் மணல் ஏறிவிடுகிறது. மிதித்தால் சக்கரம் வழுக்கும், இறங்கித் தள்ளினால் புதையும். சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு ஒற்றையடித் தடம் போனது. அதில் மண் இறுகியிருந்ததால் வண்டி ஓடியது. வழியெல்லாம் உடைந்த தெர்மாகோல் பெட்டிகள். இந்தக் கரை எனக்குத்தான் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டே மிதித்தேன். அறுபத்தெட்டு வயசில் அந்தத் தடத்தில் ஓட்ட வேறு யாரால் முடியும்?

தடம் ஒரு குப்பத்தில் போய் முடிந்தது. தகரக் கொட்டகைக்கு அடியில் நான்கைந்து பேர் வலையைப் பரப்பிப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பெரிசு, பறவை பாக்க வந்தியா?" என்றான் ஒருவன்.

"பறவை பாக்கற வயசுங்களா இது? மீன் பெட்டி யாவாரமுங்க."

"யாவாரத்துக்கு சைக்கிள்லயா வந்த? அதுவும் வாடக வண்டியா இருக்கும். பெட்டி ஓட்டையாத்தான் இருக்கும்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அது சாதாரணக் கேலிதான். இன்று நினைத்தால் நானும் சிரித்திருக்கலாம். ஆனால் இரண்டு கம்பெனி வைத்திருக்கிறவனை வாடகை சைக்கிள்காரன் என்றால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும்.

"வாடகையா? சொந்த வண்டிங்க. சூலூர்ப்பேட்டைல ஒருத்தன் வித்தான். அவன் சொன்னதுல பாதிக்கு அடிச்சுப் பேசி வாங்கினேன். சாமான் வாங்கறதுல என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேத்தான் பொறக்கோணும்."

சூலூர்ப்பேட்டை என்ற பெயர் ஏன் வாயில் வந்தது? முந்தின நாள் அங்கே சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து, கம்பியில் சுற்றியிருந்த நீலக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "டேய், அவன் வண்டிடா இது" என்றான். இன்னொருவன் ஏரிப் பக்கம் ஓடினான்.

இடுப்பு வரை நனைந்த சேலையும் இறால் பிடித்துப் போட இடுப்பில் கட்டிய ஓலைப்பறியுமாக ஒரு பெண் ஓடி வந்தாள். தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தவள். முப்பது வயசுக்கு மேல் இராது. என்னைப் பார்க்கவே இல்லை. கயிற்றின் முடிச்சை விரலால் நெருடினாள்.

"நான் சுத்துனது. பாப்பாவுக்குக் கம்பி குத்துதுன்னு நான்தான் சுத்துனேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, எப்ப வித்தாரு? எப்டி இருக்காரு?"

"சூலூர்ப்பேட்டையாம்" என்று அவளுக்குச் சொன்னது நான் இல்லை, பக்கத்தில் நின்றவன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "நான் சொன்னேனா இல்லியா? அல்லாரும் முழுகிட்டாரு முழுகிட்டாருன்னீங்களே! சைக்கிளு எங்க, சைக்கிளு எங்கன்னு நான் எத்தினி வாட்டி கேட்டேன்!"

கொட்டகையில் இருந்தவர்களில் வயதானவர் ஒருவர் எனக்கு விவரம் சொன்னார். அவளுடைய மாமனாரின் தம்பி அவர். எட்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அவன் இந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான், திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து முகத்துவாரத்தில் ஒருவர் வலையில் அவன் சட்டை வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. ஊரும் போலீசும் அவன் தண்ணீரில் போய்விட்டான் என்றார்கள். இவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணியில் போகிறவன் சைக்கிளையும் கூட எடுத்துக்கொண்டா போவான், வண்டி கரையில் நிற்க வேண்டாமா, கோபத்தில் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார், கோபம் தீர்ந்தால் வருவார் என்று சொல்லிக் காரியம் செய்யவே விடவில்லையாம்.

"ஐயா, இடது புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். சுற்றி முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கமின்மையைத்தான் அதுவரை என் பெரிய குணமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இருந்த மாதிரித்தானுங்க ஞாபகம்" என்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். டீ வந்தது. தட்டில் வறுத்த மீன் வந்தது. ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். அந்த மீனை நான் தின்றேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன்?

அவள் சேலை மாற்றிக்கொண்டு கையில் ஒரு பையோடு வந்தாள். பைக்குள் மடித்த ஆம்பளைச் சட்டை தெரிந்தது. "ஐயா, நீங்க அந்த எடத்த மட்டும் காட்டுங்க. நான் பேசி இட்டாந்துருவேன். தப்பு எம்மேலதான். செத்தாலும் இந்த வூட்டுக்கு வராதன்னு அன்னிக்கி வார்த்தைய வுட்டுட்டேன்."

வயதானவரும் கூட வந்தார். டவுனில் என் கார் நிற்பதைச் சொல்லியிருந்தேன். அதில் போய்விடலாம் என்று கிளம்பினோம். சைக்கிளை என்னிடம் தரவில்லை, அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். அந்த மணலில் சக்கரம் புதையாமல் எப்படித் தள்ளினாளோ. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவருக்கு ஆந்திரா காரம் ஒத்துக்காது, வயித்த வலிக்கும் என்றாள். பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஸ்கூல் விட்டு வரும்போது அப்பா வீட்டில் இருந்தால் எப்படியிருக்கும் என்றாள். பாலத்தின் நடுவில் என் கால் நின்றுவிட்டது.

"அம்மா, நில்லுங்க. நான் சொன்னது பொய். இந்த வண்டி வாடகை வண்டி. காத்தால இந்த ஊர்ப் பஞ்சர் கடைல எடுத்தேன்."

அவளுக்கு அது ஏறவில்லை. "அப்ப அந்தக் கடைக்காரருதான் சூலூர்ப்பேட்டைல வாங்கினாரா?"

"இல்லைம்மா. சூலூர்ப்பேட்டையே கிடையாது. உங்க வீட்டுக்காரரை நான் பாக்கவே இல்லை."

"தழும்பு சொன்னீங்களே."

"அதுவும் பொய்."

வயதானவர் என் சட்டையைப் பிடித்தார். "பெரிய மனுசனாடா நீ? வெள்ள வேட்டி கட்டிக்கினு எங்க வூட்டு மீன துன்னியேடா!" அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"வுடு மாமா. கடைல போயி கேப்போம்" என்றாள் அவள்.

நாங்கள் மூன்று பேரும் சைக்கிளோடு வருவதைப் பார்த்ததுமே பஞ்சர் கடைக்காரர் பம்பைக் கீழே வைத்துவிட்டார். யாரும் கேட்காமலே சொன்னார். "பாலத்த தாண்டிப் போவாதன்னு சொன்னேனே சார்..." பிறகு அவளைப் பார்த்து, "அன்னிக்கிப் பொழுதோட வந்தாரும்மா. பின் வீலு கோணிக்கிச்சி. வண்டிய வுட்டுட்டு, தண்ணி கம்மியாத்தான் கீது, குறுக்கால ஏரியில எறங்கி வூட்டுக்குப் போயிர்றேன்னு போனாரு. பொறவு போலீசு வந்து சைக்கிள் எங்கன்னு தேடுச்சி. எங்கிட்ட கீதுன்னா என்னியத்தான புடிப்பான்? வாய மூடிக்கினேன். தப்புதான்."

அவள் திட்டவில்லை. "கோவமா இருந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்லியேம்மா. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. காலைல ஏழு மணிக்கு ரெடியா வை, பாப்பாவ ஸ்கூல்ல வுடணும்னாரு."

"அப்டியா சொன்னாரு?"

"அப்டித்தாம்மா சொன்னாரு."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தாள். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"பாப்பாவ ஸ்கூல்ல வுடணும்னு சொல்லியிருந்தா ஏழு மணிக்கு வந்திருப்பாரு" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. "கோவம் இல்லன்னா வந்திருப்பாரு மாமா."

வயதானவர் அவள் தலையில் கை வைத்தார். அப்போதுதான் அவள் அழுதாள். எட்டு மாதம் அழாமல் வைத்திருந்த அழுகை. பஸ்ஸில் இறங்கினவர்கள் நின்று பார்த்தார்கள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவர்கள் நடந்தே பாலம் ஏறினார்கள். பஞ்சர் கடைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார், ஊராரிடமும் போலீசிடமும் தானே சொல்லிவிடுகிறேன் என்று.

அந்த வாரமே கரையில் வைத்துக் காரியம் செய்தார்கள் என்று ஒரு வியாபாரி போனில் சொன்னார். ஆர்டர் எனக்குத்தான் கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கரை முழுக்க என் பெட்டிதான், வேறு எவன் பெட்டியும் அங்கே நுழைய முடியாது. சரக்கு இறக்க ஆள் போகிறான். நான் போவதில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று என் பெண்டாட்டி கேட்டாள். கேட்கவில்லை. வாயை வைத்தே பிழைத்தவன் நான். அன்றைக்கு அந்தக் கடை வாசலில் கார் இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது, அந்த ஒரு வார்த்தை வரவில்லை.