பாலம் மூடிய அன்று ஒல்லாந்து பார்த்த கதை

1. காற்று

டூர் பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பனியைவிடக் காற்றுத்தான் பெரிய இடைஞ்சல். பனி கொட்டினால் மெல்ல ஓட்டலாம். காற்று அடித்தால் பாலத்தையே மூடிவிடுவார்கள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்து, ஹோட்டலில் துப்புரவு வேலை செய்துகொண்டே பஸ் லைசென்ஸ் எடுத்தவள். ஓய்வு பெறும்வரை பதினேழு வருசம் டூர் பஸ் ஓட்டினேன். இது நடந்தது ஒரு சித்திரை மாதம். கோப்பன்ஹேகனிலிருந்து நெதர்லாந்துக்கு, எங்கள் பேச்சில் ஒல்லாந்துக்கு, நாலு நாள் பயணம். முப்பத்தெட்டுப் பேரும் தமிழ்நாட்டுக்காரர், ஐ.டி. வேலைக் குடும்பங்கள். டூலிப் தோட்டம், காற்றாலை, கால்வாய்ப் படகு, சீஸ் சந்தை என்று எல்லாம் ஒழுங்கு செய்திருந்தது. கடைசி ஆட்களை இஷொயில் ஏற்றினேன். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைலே நகரில் இரண்டாவது டிரைவர் காத்திருந்தார்.

பாலத்துக்குக் கிட்டப் போனபோது அறிவிப்புப் பலகையில் சிவப்பு எழுத்து. பாலம் பூட்டு. தெற்கே போகிற ஃபெரியும் நின்றுவிட்டது. ஓய்விடத்தில் பஸ்ஸை நிறுத்தினேன். நிற்கிற பஸ்ஸே ஆடியது.

பயணத்தை ஒழுங்கு செய்த செந்தில் முன்னுக்கு வந்தார். "அக்கா, எப்ப திறப்பாங்க?"

"இரவு வரைக்கும் காத்து குறையாதாம் தம்பி. அதுக்குள்ள டாகோகிராஃபில, இந்த நேரம் பதியிற பெட்டியில, எனக்கு ஓட்ட விட்ட நேரம் முடிஞ்சிடும். பிறகு நான் ஓட்டேலாது."

முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன். அவர் டேனிஷ்காரர், கதை குறைவு. "திருப்பிக்கொண்டு வா. ஆக்களை இறக்கிப்போட்டு பஸ்ஸை கராஜில விடு. அடுத்த மாசம் வேற திகதி குடுப்பம்" என்றார்.

நான் மைக்கில் சொன்னதும் பின்னால் முணுமுணுப்பு. எனக்குப் பின் சீட்டில், ஊரிலிருந்து வந்திருந்த செந்திலின் அக்கா ராஜேஸ்வரி மட்டும் சொன்னார்: "எனக்கு அடுத்த மாசம் இல்லீங்க. வியாழக்கிழமை ஊருக்கு ஃபிளைட்."

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஓசூர்ப் பக்கம் காய்கறி போட்டவர். இரண்டு வருசத்துக்கு முந்திக் கடன் எடுத்து ஜெர்பரா பூவுக்கு மாறியிருக்கிறார். செடிகள் ஒவ்வொன்றாக அடியில் அழுகிச் செத்துக்கொண்டிருந்தன. நாற்று விற்ற ஏஜென்ட் தண்ணீர் சரியில்லை என்கிறார், உரக் கடைக்காரர் மருந்தை மாற்று என்கிறார். "ஹாலந்துலதான் இந்தப் பூவை நல்லா வளர்க்கிறாங்களாம். யாராவது ஒரு விவசாயியைப் பார்த்து ரெண்டு வார்த்தை கேட்டா போதும்னு வந்தேன்" என்றார். அழவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

எனக்கு ஸ்டோர் மக்லேபி ஞாபகம் வந்தது. கோப்பன்ஹேகன் விமானநிலையத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு டென்மார்க் ராசா, அரண்மனைக்கு நல்ல மரக்கறி வேண்டும் என்று ஒல்லாந்துக் கமக்காரரை, விவசாயிகளை, கூப்பிட்டுக் குடியேற்றிய இடம்.

திரும்ப முதலாளியைக் கூப்பிட்டு, ஆட்களை அங்கே கூட்டிப்போகட்டோ என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஆறு மணிக்குப் பஸ் கராஜில நிக்கவேணும். ஏதும் நடந்தா உன்ர பொறுப்பு."

"ஓம்" என்றேன்.

2. பிழையான ஒழுங்கை

போகிற வழியில் மைக்கில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் ஆண்டவர்கள். எங்களிடம் அவர்கள் அழைப்பில் வரவில்லை, பீரங்கியோடு வந்தார்கள். போகும்போது கோட்டையையும் சில சொற்களையும் விட்டுப்போனார்கள். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம். பீன்ஸைப் போஞ்சி என்போம்.

"பீன்ஸ்தான் போஞ்சியா? நான் ஏதோ ஜூஸ்னு நினைச்சேன்" என்றார் ஒருவர். காலையிலிருந்து முதல் தடவையாகப் பஸ்ஸில் சிரிப்புக் கேட்டது.

சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. ஸ்டோர் மக்லேபியில் பழைய ஒல்லாந்துப் பண்ணை வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். கதவில் சீசன் இன்னும் தொடங்கவில்லை என்று அட்டை. நான் முதலே பார்த்திருக்க வேண்டும். தேவாலயத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். கல்லறைகளில் டேனிஷ் பெயர்களுக்கு நடுவே யான், டிர்க், கோர்னேலிஸ். முந்நூறு வருசம் இந்தக் கோயிலில் டேனிஷில் பிரசங்கம் நடக்கவில்லை என்று சொன்னேன். காற்றில் பாதி ஆட்களுக்குக் கேட்கவில்லை.

பஸ்ஸைத் திருப்ப ஓர் ஒழுங்கைக்குள், ஒடுங்கின சந்துக்குள், விட்டேன். அது பிழை. பன்னிரண்டு மீட்டர் பஸ், ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வாய்க்கால். முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது.

எதிர் முற்றத்திலிருந்து ரப்பர் சப்பாத்தோடு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் கிர்ஸ்டன் என்று பிறகு தெரிந்தது. "எங்க போறதுக்கு இஞ்ச வந்தனீ?" என்று டேனிஷில் கேட்டார்.

"ஒல்லாந்துக்கு" என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். பிறகு தன் கேட்டை அகலத் திறந்து, கையைக் காட்டிக் காட்டி என்னைத் தன் முற்றத்துக்குள் எடுத்தார். "என்ர ஆக்கள் அங்கயிருந்து வந்தவைதான். கொஞ்சம் பிந்தி வந்திட்டீங்கள்."

முற்றத்துக்குப் பின்னால் கண்ணாடி வீடு. லீக்ஸ் நாற்று, கரட் விதை, ஒரு மூலையில் பூக்கள். மாசி மாதத்தில் ஊர் ஆண்கள் குதிரையில் வந்து, தொங்கவிட்ட பீப்பாயைத் தடியால் அடித்து உடைக்கிற விளையாட்டைப் பற்றிச் சொன்னார். அது ஒல்லாந்தர் கொண்டுவந்ததாம். தன் தம்பி கடைசிப் பலகையை உடைத்து வென்ற வருசத்துப் படத்தைக் காட்ட, பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

ராஜேஸ்வரி என் கையைத் தொட்டார். "கேட்டுச் சொல்றீங்களா?"

நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் ராஜேஸ்வரியின் ஃபோனில் இருந்த செடிப் படத்தைப் பெரிதாக்கிக் கனநேரம் பார்த்தார். பிறகு மூலையிலிருந்து ஒரு ஜெர்பராச் சட்டியை எடுத்து, செடியின் அடிமண்ணை விரலால் ஒதுக்கிக் காட்டினார். "செடியின்ர தலை, இலை கிளம்புற இடம், மண்ணுக்கு வெளியில நிக்கவேணும். உங்கட படத்தில அது மண்ணுக்குள்ள கிடக்கு. ஆழமா நட்டிருக்கினம். தண்ணி தேங்கி அழுகுது. எல்லாம் இதாலதானோ தெரியாது, ஆனா முதல் இதைச் செய்து பாருங்கோ."

ராஜேஸ்வரி குனிந்து அந்த மண்ணைத் தானும் ஒதுக்கிப் பார்த்தார். "காய்கறி நடுற ஆளுங்கதான் இதையும் நட்டாங்க" என்றார் மெல்ல. "நான்தான் ஆழமா வைங்கன்னு சொன்னேன்."

அதை மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. தானும் ஒரு வருசம் ஒரு முழுப் பாத்தியை அப்படித் தொலைத்ததாகச் சொன்னார்.

3. பிறகு

ஆறு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கப் பஸ் கராஜுக்குள் நின்றது. முதலாளி சக்கரத்தில் இருந்த சேற்றைப் பார்த்தார். நான் ஒழுங்கையில் மாட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆவணியில் செந்தில் ஃபோன் எடுத்தார். செத்த செடிகள் செத்தவைதானாம். புதிதாக உயர்த்தி நட்ட பாத்திகளில் அழுகல் மிகவும் குறைந்து, அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை பூ அனுப்புகிறாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார்.

அடுத்த வசந்தத்தில் முதலாளி ஸ்டோர் மக்லேபியை ஒருநாள் பயணமாகப் பட்டியலில் சேர்த்தார். ஒழுங்கைக்குள் போகக்கூடாது என்று மட்டும் வரைபடத்தில் சிவப்பில் எழுதியிருந்தார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாதையையும் பாலத்தையும் மியூசியம் திறக்கிற நேரத்தையும் முதலே பாருங்கள். அதோடு, ஆட்கள் ஏறும்போது என்ன பார்க்க வருகிறீர்கள் என்று ஒருதரம் கேளுங்கள். நான் அதற்குப் பிறகு எல்லாப் பயணத்திலும் கேட்டேன். ஒருமுறை ஒரு ஐயா, "என்ர மனுசி செத்துப்போன பிறகு வீட்டில இருக்கேலாமல் கிடக்கு, அதுதான் வந்தனான்" என்றார். அன்றைக்குக் கடற்கரையில் இருபது நிமிசம் கூடுதலாக நிறுத்தினேன்.