நான்காவது கல்

கல்லறைக் கல்லைத் தொடுவதற்கு முன் டெல்ஃபின் குசேரா கையுறையைக் கழற்றிவிடுவார். பிறகு தண்ணீர், வெறும் தண்ணீர். கைக்குழந்தையின் தலைக்கு வைத்திருப்பதுபோன்ற மெல்லிய பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்ப்பார். கடைசியில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்மீது விழச் செய்வார். மங்கிய எழுத்துகள் மெல்ல எழுந்து நிற்கும். யாராவது சோப்பு என்று வாயெடுத்தால், "தண்ணி போதும்" என்பார். அப்போது மட்டும் அவர் குரலில் ஒரு கடுமை இருக்கும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கு வெளியே, வெர்லின் ஸ்டூரின் சோளக்காட்டு நடுவே ஒன்பது கல்லறைகள். அந்த மண்ணில் முதன்முதலாக ஏர் பூட்டியவர்களுடையவை. வேலி எப்போதோ விழுந்துவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் கலப்பை ஒரு சாண் நெருங்கி வரும். பழைய கல்லறைகளைச் சுற்றிப் பத்தடிக்குள் உழக்கூடாது என்று சட்டம் கேட்டு டெல்ஃபின் ஆறு வருடம் கடிதம் எழுதினார். எழுபது தாண்டிய பாட்டி அவர்; கண் மங்கல். அவர் சொல்லச் சொல்ல நான் நூலகத்தில் தட்டச்சு செய்வேன்.

பிப்ரவரியில் சட்ட வரைவு தலைநகரில் சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தது. உழவுக்கு இரண்டு மாதமே இருந்தது. அவரை நான்தான் காரில் அழைத்துப் போனேன். எதிர்த்துப் பேச வந்திருந்த வெர்லின் நடைவழியில் நின்றிருந்தார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"என்ன டெல்ஃபின், செத்தவங்க ஓட்டு எத்தனை தேறும்?"

"ஒன்பது. உனக்கு உன் வீட்டு ஓட்டாவது இருக்கா?"

"எங்க. அவளும் உன் பக்கந்தான். காலையில காபிகூட தரல."

டெல்ஃபின் கைப்பையிலிருந்த லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருளில் பாதியைப் பிய்த்து நீட்டினார். அவரும் வாங்கித் தின்றார்.

பேச மூன்று நிமிடம். டெல்ஃபின் முடித்ததும் குழுவில் ஒருவர் வெர்லினின் மனுவைப் புரட்டினார்.

"நாலாவது கல்லுல பேரே இல்லன்னு எழுதியிருக்காரே. வயல்ல கெடக்கற கல்லையெல்லாம் கல்லறைன்னா எப்படிம்மா?"

டெல்ஃபின் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீனா ஹோல்ம். வயசு ஒரு வருஷம், நாலு மாசம், ஒன்பது நாள். மேல ஒரு ஆட்டுக்குட்டி செதுக்கியிருக்கும்."

"அந்தப் பேரு எங்க இருக்கு?"

"இப்ப எங்கயும் இல்ல. அழியறதுக்கு முன்ன அந்தக் கல்லுல நான் படிச்சிருக்கேன்."

அடுத்து வெர்லின். தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பத்தடி விட்டா எனக்குச் சுத்திலும் நாலு வரிசைச் சோளம் போகும். அதனால இந்தச் சட்டம் வேண்டாங்கறேன்." தொப்பி சுற்றுவது நின்றது. "நாலாவது கல்லப் பத்தி எழுதினத மட்டும் அடிச்சிடுங்க."

சட்டம் நிறைவேற இன்னும் ஒரு வருடம் பிடித்தது. ஆனால் அந்த ஏப்ரலிலேயே வெர்லினின் கலப்பை கல்லறைகளுக்கு முன்பே திரும்பிப் போயிருந்தது. அளந்து பார்த்தேன். பத்தடி இல்லை, ஏழு. டெல்ஃபினிடம் சொன்னேன். "அவன் ஸ்கூல்லயும் அப்படித்தான், முழுசா எதையும் ஒத்துக்க மாட்டான்" என்று சிரித்தார்.

அந்தக் கோடையில் நூலகத்துக்காகப் பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். 1962 மே மாதத்து இதழில் ஒரு படம்: இறந்தோர் நினைவு நாளுக்காகக் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் சிறுமியர் சங்கம். பக்கத்தில் கல்லையே அரிக்கும் ப்ளீச் வாளி. நான்காவது கல்லின் முன் மண்டியிட்டு, கம்பி பிரஷ்ஷும் கையுமாகப் பெருமையோடு சிரிக்கிறாள் பன்னிரண்டு வயது டெல்ஃபின். கல்லின் மேலிருக்கும் ஆட்டுக்குட்டிக்கு அப்போது காதுகள் இருந்தன.