லைசென்ஸ் வரும்வரை காதைத் தொடாதே

காது பார்க்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: தனக்குக் காது கேட்கவில்லை என்று யாரும் வருவதில்லை, வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் வருவார்கள்.

திருச்சியில் நான் படித்த படிப்பில் காதும் பேச்சும் ஒரே பட்டம். காலையில் காது மந்தமான பெரியவர், மதியம் திக்கிப் பேசும் குழந்தை என்று பல வருஷம் வேலை பார்த்தேன். கணவருக்கு ஒஸ்லோவில் வேலை கிடைத்து விமானம் ஏறியபோதும் அது ஒரே பட்டமாகத்தான் இருந்தது. இறங்கியபோது இரண்டாகியிருந்தது. இங்கே காது, சுகாதாரத் துறை. அதைத் தொட அரசாங்க லைசென்ஸ் வேண்டும். பேச்சு, படிப்புச் சொல்லித் தருகிறவர்கள் பக்கம்; அதற்கு அந்த லைசென்ஸே கிடையாது, வழியே வேறு. எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்டார்கள். பேச்சுப் பக்கம் போனால் குழந்தைகளுக்கு நோர்வீஜிய மொழியை நான் திருத்த வேண்டும். என்னுடைய நோர்வீஜிய மொழி அப்போது கடையில் பால் வாங்கத்தான் போதுமானதாக இருந்தது. ஆகவே காது.

சான்றிதழைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக அலைகிற சகோதர சகோதரிகளே, மிச்சத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாடத்திட்டத்தை மொழிபெயர்த்து அனுப்பு, மொழித் தேர்வு எழுது, காத்திரு. காத்திருந்த காலத்தில் ஒஸ்லோவின் கிழக்கே ஒரு செவித்திறன் மையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. நோயாளியின் பெயரைக் கூப்பிடலாம், கருவிகளைத் துடைக்கலாம், காபி போடலாம். காதைத் தொடக்கூடாது. மற்றவர்கள் சோதனை செய்வதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது கை பரபரக்கும். பல நாள் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன்.

டாக்டர் பிள்ளை

இங்கே காது சோதிப்பவருக்கு ‘ஒடியோகிராஃப்’ என்று பெயர், அது சட்டத்தின் காவலில் உள்ள பெயர். லைசென்ஸ் இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் இந்த விஷயத்தில் மகா பயந்தாங்கொள்ளி. யாராவது என்னைத் தவறாக அழைத்துவிட்டால் சுவருக்கும் காது இருக்குமோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

தருமலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பரமேசுடன் வந்தார். என்னைக் கண்டதும் “வணக்கம் டாக்டர் பிள்ளை” என்றார். நான் பதறிப்போய், “ஐயா, நான் டாக்டர் இல்லைங்க. ஒடியோகிராஃப்கூட இல்லை. வெறும் உதவியாளர்” என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். “பிள்ளை இந்தியாவோ?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு, மனைவி பக்கம் குனிந்தார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. காத்திருப்போர் அறை முழுவதும் கேட்டது.

“பெரிய டாக்டராத்தான் இருக்கவேணும் பரமேஸ். சின்ன ஆக்கள்தானே தங்களைப் பெரிசாச் சொல்லுவினம்.”

நேசாவின் தலையாட்டல்

நேசமலர் அக்கா மட்டக்களப்பு. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு பார்னஹாகெயில், குழந்தைகள் காப்பகத்தில், உதவியாளர். குழந்தைகளுக்கு அவர் ‘நேசா’; அவருக்கு நான் ‘மனே’, அவர் ஊரில் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல். அவருக்குச் சன்னமான ஒலிகள் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. பெரியவர்களின் கனத்த குரலைச் சமாளித்துவிடுவார். குழந்தைகளின் கீச்சுக் குரல்தான் முதலில் போயிற்று. என்ன கேட்கிறார்கள் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். ‘இல்லை’ என்றே சொல்லாத ஒரே பெரியவர் என்பதால் அங்கே அவருக்கு ஏகப்பட்ட செல்வாக்கு.

எங்கள் மையத்தின் மூத்த ஒடியோகிராஃப் இங்கெர் சோதனைக்கு அழைத்தபோது அக்கா எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். சோதனையின் இரண்டாம் பகுதியில் ஒற்றைச் சொற்கள் வரும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொற்கள் நோர்வீஜிய மொழியில். அக்கா ராத்திரி பகலாகப் படித்து, விழுந்து எழுந்து மொழித் தேர்வில் தேறி, அந்த வேலையை வாங்கியவர். நான் எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை.

“காது போச்செண்டு எழுதினா எழுதட்டும் மனே. எனக்கு மொழி தெரியாதெண்டு எழுதிப்போட்டா என்ட வேலை என்னாகிற? ஒங்கட லைசென்ஸ் வரட்டும், ஒங்களிட்டத்தான் காதைக் காட்டுவன்.”

தொலைபேசியில் வந்த குரல்

நோயாளிக்கு மொழி புரியவில்லை என்றால் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும். மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் யாரும் கூடாது. நல்ல விதிதான், பல மகன்கள் அப்பா சொல்வதில் பாதியைத் தாங்களே தணிக்கை செய்துவிடுவார்கள். எனக்குத் தமிழ் தெரியும், ஆனால் மொழிபெயர்ப்பாளர் தகுதி இல்லை. ஆக, என்னிடம் இல்லாத லைசென்ஸ்கள் இரண்டாயின.

சோதனைக்கு வந்த கதிர்காமு ஐயா என்ற இன்னொரு பெரியவருக்கு மொழிபெயர்க்க, நாட்டின் வடகோடியிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கிடைத்தார். காது கேட்காது என்று வந்தவரிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தம்பி பணிவாக ஆரம்பித்தார், பிறகு கொஞ்சம் உரக்க, பிறகு தொண்டை கிழிய. “ஐயா! சத்தம் கேட்டால்! பொத்தானை! அமத்துங்கோ!” அங்கே அவருடைய அண்டை வீட்டில் யாராவது பொத்தானை அமுக்கியிருப்பார்கள். இங்கெர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். கடைசியில் மொழிபெயர்ப்பாளரை நேரிலேயே வரவழைக்க வேறொரு நாள் குறித்தார்கள். கிளம்பும்போது ஐயா என்னைப் பரிவோடு பார்த்தார்.

“உந்தத் தம்பி ஏன் பிள்ளை உப்பிடிக் கத்துறார்? அவருக்குத்தான் காது கேக்கேல்லைப் போல. முதல்ல அவரைக் கூப்பிட்டுச் சோதியுங்கோ.”

வெள்ளைத் தூள்

தருமலிங்கம் ஐயாவின் புதுக் கருவி அடிக்கடி ஊமையாகிவிடும். திறந்து பார்த்தால் ஒலிவாங்கித் துளையில் நைசான வெள்ளைத் தூள். இங்கெர் சுத்தம் செய்து அனுப்புவார், மறுபடி வரும். வீட்டில் சுவரைச் செதுக்குகிறார்களா, மாவு ஆலை வைத்திருக்கிறார்களா என்று அவருக்கு ஒரே குழப்பம். துடைக்கிற வேலை என் கைக்கு வந்தபோது ஒரு வாசனை அடித்தது. சிரிப்பு வந்துவிட்டது. விபூதி.

பரமேஸ் அம்மாவைக் கேட்டேன். படுக்கப் போகும்போது கருவியைக் கழற்றி சாமித்தட்டில் வைப்பார்களாம். “வேறை எங்கை வைக்கிறது? வீட்டிலை விலைகூடின சாமான் எல்லாம் அங்கைதான். பாஸ்போட்டும் அங்கைதான்” என்றார். காலையில் ஐயா குளித்துவிட்டு, விபூதி அள்ளிப் பூசி, அதே விரலால் கருவியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். இதை இங்கெருக்கு எப்படி விளக்குவது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேறு இடத்தில் வைக்கச் சொல்லிக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மேஜை டிராயரிலிருந்து ஒரு மூடி போட்ட சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார்.

“இதைக் கொடு. கடவுள் பக்கத்திலேயே இருக்கட்டும், மூடி மட்டும் இருக்கட்டும்.”

பனியில் ஒரு குழந்தை

குளிர்காலத்தில் ஒரு நாள் நேசமலர் அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்து என் மேஜை முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது. காப்பகத்தில் ஒரு சின்னப் பெண் அவரிடம் வந்து ஏதோ கேட்டிருக்கிறாள். அக்கா வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார். பனி உடுப்புப் போடாமல் வெளியே போகலாமா என்பதுதான் கேள்வி. வேறொருவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, காலுறையோடு பனியில் குதித்துக்கொண்டிருந்தவளைத் தூக்கிவந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சிரித்து விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்காக எதுக்குக்கா காத்திருக்கீங்க? எனக்கு லைசென்ஸ் வருமா வராதான்னே தெரியலையே. இங்கெர் என்னைவிட நல்லாப் பார்ப்பாங்க” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். உள்ளுக்குள் எனக்கு வேறு பயம். என் படிப்பில் ஒரு பகுதி போதாது, துரொண்ட்ஹெய்ம் நகரில் பயிற்சி முடித்து வா, பிறகு பார்ப்போம் என்று அப்போதுதான் பதில் வந்திருந்தது. பிறகு பார்த்து, வேண்டாம் என்றும் சொல்லலாம். அக்கா தாமாகவே கேட்டு, குழந்தைகள் அறையை விட்டுச் சமையலறைக்கு மாறிக்கொண்டார்.

“பானை சட்டி ஒண்டும் கேள்வி கேக்காது மனே. நீங்க போய்ப் படிச்சிட்டு வாங்க.”

யாரிடம் பேசுகிறாய்?

துரொண்ட்ஹெய்மில் சோதனை செய்வதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. வாயால்தான் கெட்டேன். நம் ஊரில் பெரியவருக்குச் சோதனை முடிந்ததும் முடிவை யாரிடம் சொல்வோம்? கூட வந்த மகனிடம். பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதே பழக்கத்தில், பயிற்சியின் முதல் வாரம், ஒரு வயதான விவசாயியின் காதைப் பார்த்து முடித்துவிட்டு அவருடைய மனைவி பக்கம் திரும்பி, வலது காது எப்படி, இடது காது எப்படி என்று விலாவாரியாக விளக்கினேன். சொல்லிக்கொடுக்கும் அம்மையார் தொண்டையைக் கனைத்தார். நோயாளியின் காது நோயாளிக்குச் சொந்தம், பேச்சும் அவரோடுதான் என்பது இங்கே சட்டம். அம்மையார் வாய் திறப்பதற்குள் விவசாயியே கையைத் தூக்கினார்.

“பெண்ணே, நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.”

அம்மாவுக்குச் சொன்னது

பயிற்சி முடித்து ஒஸ்லோ திரும்பிய பிறகு, லைசென்ஸ் கிடைத்த செய்தி, வேலைக்குப் போகும் வழியில் டி-பானெ என்கிற மெட்ரோ ரயிலில் போனில் வந்தது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் நின்றபடியே திருச்சிக்குக் கூப்பிட்டேன். அழுகையில் வார்த்தை வரவில்லை. அம்மா பயந்துபோய் மாப்பிள்ளைக்கு என்ன, மாப்பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். நான் இனிமேல் காது பார்க்கலாம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்றேன்.

“அது நமக்கு முன்னாடியே தெரியுமேடி. அவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்.”

நேசமலர் அக்காவின் காது

முதல் வாரமே அக்கா வந்தார். தலைவாரி, நல்ல புடவை கட்டி, பூசைக்கு வருகிற மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரை உட்காரவைத்து, ஒலிகளைச் சோதித்தேன். பிறகு நோர்வீஜியச் சொற்கள். பாதி தவறின, அவர் கண் கலங்கியது. அடுத்து, கல்லூரியில் நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த தமிழ்ச் சொற்களை, உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் இருக்க வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதிலும் பாதி தவறியது. “பாருங்கக்கா, தமிழும்தான் கேக்கலை. அதுக்காக உங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு எழுத முடியுமா?” என்றேன். குறை காதில்தான், மொழியில் இல்லை என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் போட்டேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துக் கருவிக்கு ஒப்புதல் தந்து, பொருத்துகிற நாள் வந்தது. இரண்டு காதிலும் மாட்டி, ஒலியைச் சரிசெய்து, “எப்படிக்கா இருக்கு? நான் பேசுறது நல்லாக் கேக்குதா? ஆரம்பத்துல கொஞ்சம் கரகரன்னு இருக்கும், பயப்படாதீங்க” என்றேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார். இன்னொருமுறை பேசச் சொன்னார். பேசினேன். அவர் முகம் மாறியது. “இதென்ன மனே, நீங்க இந்தியாவா? எங்கட மட்டக்களப்புப் புள்ள எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தன்!”

இத்தனை நாள் குழந்தைகளை விட்டுச் சமையலறையில் இந்த மனுஷி காத்திருந்தது எனக்காக இல்லையா? யாரோ ஒரு ஊர்க்காரப் பெண்ணுக்காகவா? கருவியைக் கழற்றக் கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். பிறகு அதே கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புதுக் கருவி மாட்டுகிற ஒவ்வொருவருக்கும் நாங்கள் சொல்லும் சமாதானத்தை எனக்குச் சொன்னார்.

“கழட்டாதீங்க மனே. கேக்கட்டும். கேக்கக் கேக்கப் பழகிரும்.”

அக்கா இப்போது குழந்தைகள் அறைக்குத் திரும்பிவிட்டார். பாதிக் கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று சொல்வதால் பழைய செல்வாக்கு இல்லையாம்.

என் படிப்பை ஒப்புக்கொள்ள இந்த அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால், நேசமலர் அக்கா என் தமிழை ஒப்புக்கொண்டது மின்னல் வேகம்தான்.