பதினோரு நாள் வராந்தா

அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, மன்னி வாசற்படிக்கு வெளியே மண்தரையில் உட்கார்ந்தாள். அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்தாள். காலை மடக்கினாள், நீட்டினாள். பிறகு கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "இவ்ளோ இருந்தாப் போறும்டா. வெயில் வராம மேலே ஒரு கூரை. தெருவுல போறவா என்னைப் பாக்காம நான் அவாளைப் பாக்க முன்னாடி ஒரு கிராதி. வேறென்ன வேணும் எனக்கு?"

"ஒரு சிம்மாசனம், ரெண்டு பக்கமும் சாமரம்" என்றேன். கரித்துண்டு என் சட்டையில் வந்து விழுந்தது.

வங்காளத்தில், பாலிகஞ்சில் அண்ணா அந்தச் சின்ன வீட்டை வாங்கியபோது அதில் இல்லாதது அது ஒன்றுதான். கூடத்துக்கு இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். அண்ணா காலையில் கவர்ன்மெண்ட் ஆபீசுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். வந்தாலும் பேச மாட்டார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். மன்னிக்கு வங்காள மொழி தெரியாது. கல்யாணமாகி வந்து மூன்று வருஷம், குழந்தையும் இல்லை. "அந்தச் சுவத்துல எத்தனை செங்கல்னு கேளு, சொல்றேன்" என்பாள். நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அவள் நிஜமாகவே எண்ணி வைத்திருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

வராந்தா கட்ட நகரசபையில் அனுமதி வாங்க வேண்டும். வரைபடம் வேண்டும், மனு வேண்டும். அண்ணா எதையும் முறைப்படி செய்கிறவர். ஊரிலிருந்து மனையடி சாஸ்திரம் தபாலில் வந்தது. ஆறடி அகலம் உத்தமம், ஏழடி தரித்திரம் என்று அதில் இருந்தது. ஆறடி என்று முடிவாயிற்று. வரைபடத்தில் அதைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, என்னிடம் கொடுத்து அனுப்பும்போது ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பினார். "மனையடியில உள்கூடுதான் கணக்கு. நானும் அதான் எழுதியிருக்கேன். அவாளுக்கு உள் அளவா, வெளி அளவான்னு அங்கே பிளான் பாக்கற பாபுவைக் கேட்டுண்டு வா. மறந்துடாதே."

பிளான் பாபுவின் மேஜைக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். அன்று மைதானத்தில் பந்தாட்டம். மனுவை வாங்குகிற குமாஸ்தாவிடம் காகிதத்தைத் தள்ளிவிட்டு டிராம் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும், "கேட்டேன். நீங்க எழுதினது சரிதானாம்" என்றேன். பாபு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது போல நடித்துக்கூடக் காட்டினேன். மன்னி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை.

அனுமதி வந்தது. கொத்தனார்கள் வந்தார்கள். உள்ளே சரியாக ஆறடி விட்டு, அதற்கு வெளியே கனமாக ஒரு கைப்பிடிச் சுவர், தூண், மரக் கிராதி, ஓட்டுக் கூரை. மன்னி அரிவாள்மணையோடு அங்கே குடியேறினாள்.

எதிர்வீட்டு மாடியில் பச்சைச் சாய்பலகை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பௌதி இருந்தாள். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அவளும் பகலெல்லாம் தனிதான். மூன்றாம் நாள் மன்னி ஒரு புடலங்காயைத் தூக்கிக் காட்டினாளாம். அவள் பதிலுக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்ட, மன்னி மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். ஜன்னலுக்குப் பின்னால் ஒரே சிரிப்பாம். "உனக்கு என்னடா தெரியும், நாங்க ரெண்டு பேரும் எவ்ளோ பேசறோம்!" என்றாள். அன்று அவள் குரலே வேறாக இருந்தது.

பதினோராம் நாள் நகரசபை ஓவர்சியர் அளவுநாடாவோடு வந்தார். வீட்டுச் சுவரிலிருந்து தூணின் வெளி விளிம்புவரை அளந்தார். "மொஷாய், எங்கள் கணக்கு வெளி விளிம்பு. இந்தத் தெருவில் ஆறடிக்கு மேல் யாருக்குமே கிடையாது. நீங்கள் ஒண்ணேகால் அடி அதிகம் கட்டியிருக்கிறீர்கள்" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடுதான். முன்பே கேட்டிருந்தால் கிழக்குப் பக்கக் காலி இடத்தில் தாராளமாகக் கட்டியிருக்கலாமே என்றும் சொன்னார். அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த பாபு தப்பாச் சொல்லிட்டான் போலிருக்கு" என்றேன். அண்ணா நம்பினார்.

வராந்தாவைக் குறைக்கவும் அண்ணா சம்மதிக்கவில்லை. "அஞ்சடிக்கும் கீழே போயிடும். அது குடும்பத்துக்கு ஆகாது." முழுவதையும் இடித்தார்கள். இடித்த வருஷத்துக்குள் மறுபடி மண் வெட்டக்கூடாது என்பது சாஸ்திரமென்று கிழக்குப் பக்கத்தையும் அவர் தொடவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அவருக்கு நாகபுரிக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் மட்டும் வேலை தேடிக்கொண்டு இங்கேயே தங்குவதாயிற்று.

இடித்த பிறகும் சில நாள் எதிர்வீட்டு பௌதி ஜன்னலைத் திறந்து எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை மன்னியிடம் சொல்லவில்லை. மன்னியும் கேட்கவில்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். நான் எவ்வளவு கேலி செய்தாலும் அரை நொடி தாமதித்துத்தான் சிரித்தாள்.

ஹௌரா ஸ்டேஷனில் அண்ணா மூட்டைகளை எண்ணப் போயிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "மன்னி, அன்னிக்கு நான் கேக்கவே இல்லை. ஆட்டம் பாக்கப் போயிட்டேன்."

"தெரியும்டா" என்றாள். "வேட்டியெல்லாம் புல்லும் சேறுமா வந்து நின்னியே. ஆபீஸ்ல ஏதுடா புல்லு?"

"அப்பவே ஏன் சொல்லலை? அண்ணாவே போய்க் கேட்டிருப்பாரே!"

"உங்கண்ணா உன்னை மறுநாளே ஊருக்கு ரயிலேத்தியிருப்பார்." ரயில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்புறம் அந்த வீட்ல என்னோட பேச யாருடா இருக்கா?"

அண்ணா வந்து ஏறிக்கொண்டதும் வண்டி நகர்ந்தது.

இப்போது எனக்கு ஒரு கம்பெனியில் தபால் பதியும் வேலை. தங்கிச் சாப்பிடும் மெஸ் ஒன்றில் நாலு பேரோடு ஓர் அறை. நான் வங்காளத்தில் சொல்லும் வேடிக்கைகளுக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். அப்போது நான் வேறொரு கணக்குப் போடுகிறேன். வராந்தாவை இடித்த பிறகு மன்னி அந்த வீட்டில் இருந்தது ஏழு மாதம். பேசத் துணை வேண்டுமென்று அவள் என்னை வீட்டிலேயே வைத்துக்கொண்டாளே, அந்த ஏழு மாதத்தில் எத்தனை சாயங்காலம் நான் நேராக வீட்டுக்குப் போனேன்? எவ்வளவு தாராளமாக எண்ணிப் பார்த்தாலும் பத்தைத் தாண்டவில்லை.