இரண்டாம் பாகத்துக்காரர்

எங்கள் நூலகத்தில் ரஷ்ய நாவல் ஒன்று உண்டு. இரண்டு பாகம், ஆயிரத்து இருநூறு பக்கம். அதில் இரண்டாம் பாகத்தை ஒரு மனிதர் ஒன்பது வருஷமாக அக்குளில் இடுக்கிக்கொண்டு அலைந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். எல்லோரும் அவரை 'ரஷ்யாக்காரர்' என்றுதான் சொல்வோம். அவர் மறுத்ததே இல்லை, மறுப்பாரா என்ன!

வேறு யாரும் கேட்டுச் சீட்டு எழுதிப் போடாதவரை ஒரு புத்தகத்தை எத்தனை முறையும் புதுப்பிக்கலாம் என்பது எங்கள் விதி. பதினான்கு நாளுக்கு ஒருமுறை வருவார், கடைசிப் பக்கத்துத் தேதித்தாளை மட்டும் திறந்து நீட்டுவார், நான் முத்திரை குத்துவேன். தாள் நிரம்பினால் அதன்மேல் இன்னொன்று. இப்படி எட்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல!

புத்தகம் கைக்கு வந்ததும் ஆளே மாறிப்போனார். டீக்கடையில் பால் வேண்டாம், ரஷ்யாவில் அப்படித்தான் என்றார். வெயில் கொளுத்தும் மதியத்தில் ஜன்னலைப் பார்த்து, "பனியில ஒருத்தன் தனியா நடந்து போறான்... ஆஹா!" என்று பெருமூச்சு விடுவார். பத்திரத்தோடு வந்தவர்கள் கால் கடுக்க நிற்பார்கள். "அப்படி என்னதான் கதை அத்தான்?" என்று அவர் மைத்துனர் ஒருமுறை வாயைக் கொடுத்தார். "சொன்னாப் புரியாதுப்பா. படிக்கணும்." எனக்கும் அதே பதில். நூலகத்துக்கு எதிர்த்த தையல் கடையில் சட்டை தைக்கக் கொடுத்தபோது அங்கே தைக்கிற பெண்ணுக்கும் அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக வந்து முதல் பாகத்தை எடுத்துப்போனாள். காஜா போடுவதற்கும் பொத்தான் வைப்பதற்கும் நடுவே படித்தாள். ரஷ்யர்களுக்கு ஆளுக்கு மூன்று பெயராம். அளவு நோட்டின் பின்பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொண்டாள். "ஒரு கிழவி சமோவார்னு டீ பாய்லர் முன்னாடி உக்காந்து பத்துப் பக்கம் பேசுது சார், எந்திரிக்கவே மனசு வரல!" என்று வந்து சொல்வாள்.

ஒருநாள் காலை கண் வீங்கி வந்தாள். கைக்குழந்தையோடு கிளம்பிய தாயைப் பனிவண்டியில் ஏற்றிப்போகிறான் ஒரு வண்டிக்காரன். உறைந்த ஆற்றின் நட்ட நடுவில் ஐஸ் விரிசல் விடுகிறது. முதல் பாகம் அங்கேயே முடிந்துவிட்டது.

"குழந்தை பிழைக்குமா சார்? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. ரெண்டாம் பாகம் குடுங்க."

சீட்டு எழுதச் சொன்னேன். ரஷ்யாக்காரர் புதுப்பிக்க வரும் நாளில் அவளும் வந்து நின்றாள். வேறு ஆள் கேட்கிறார்கள், புதுப்பிக்க முடியாது என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"இன்னும் நாப்பது பக்கம்தான்ப்பா பாக்கி!" என்று பதறினார். பிறகு அவளிடம் திரும்பினார். "உனக்கு என்னம்மா தெரியணும்? நானே சொல்லிடறேன்."

"குழந்தை பிழைச்சுதா சார்?"

"பிழைச்சு ராஜா மாதிரி வளரும்."

"அப்ப வண்டிக்காரன்?"

"எந்த வண்டிக்காரன்?"

கதையில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறவன். தன் கோட்டைக் கழற்றிக் குழந்தைக்குப் போர்த்தியவன். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கினாள். துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

அந்தக் காலத்துப் பதிப்பு. அச்சகத்தில் மடித்த தாள்களின் மேல்விளிம்பை வெட்டாமலே தைத்து அனுப்பியிருந்தார்கள். படிக்கிறவர்தான் வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும்; முதல் பாகத்தை முன்பே யாரோ பிரித்திருந்தார்கள். பதினாறாம் பக்கத்துக்கு அப்பால் ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை. அடப்பாவி மனுஷா! ஒன்பது வருஷம் முத்திரை குத்திய நானும் ஒருநாள்கூட உள்ளே பார்த்ததில்லை.

"என்கிட்ட கத்தரிக்கோல் இருக்கு. பிரிச்சுக்கலாமா சார்?" என்றாள். தலையாட்டினேன். கவுண்டரிலேயே வைத்து ஒவ்வொரு மடிப்பாக வெட்டினாள். வெட்டிய பக்கத்தை அங்கேயே படித்தாள். ஓரிடத்தில் அவள் கை நின்றது. கண் நிறைந்து, முகம் மலர்ந்தது.

ரஷ்யாக்காரர் போகாமல் நின்றிருந்தார். கழுத்து மெல்ல நீண்டது.

"அந்த வண்டிக்காரன்... என்னம்மா பண்ணினான்?"

அவள் நிமிரவில்லை. "சொன்னாப் புரியாது சார். படிக்கணும்."

அவள் திருப்பித் தந்த முதல் பாகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பதினான்கு நாள்.