இந்த ஜென்மத்து ஞாபகம்

மறுபிறவி உண்டா இல்லையா என்று யாராவது என் எதிரில் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், டீச்சர்கள் அறையில் இப்படி இரண்டு மூன்று முறை நடந்தது. எங்கேயோ வடக்கே ஒரு குழந்தை தன் போன ஜென்மத்து வீட்டை அடையாளம் காட்டியதாம் என்று பேப்பரில் படித்துவிட்டு வந்து சொல்வார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவேன். கிறிஸ்தவச்சி, அதனால் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவல்ல காரணம். ஐந்து வயசில் என்னையே ஒரு செத்தவளாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் சாந்தோமில் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா தைப்பாள். மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் பெண்களுக்கு ரவிக்கை, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை. துணி வாங்கவும் தைத்ததைக் கொடுக்கவும் அவளே போவாள். என்னை விட்டுப்போக ஆள் இல்லாததால் நானும் அவள் இடுப்பில் போவேன்.

அதில் ஒன்று வக்கீல் வீடு. வக்கீல், கணவனை இழந்த அவருடைய அண்ணன் மனைவி, அந்த மாமியின் ஒரே மகன், அவன் மனைவி, இவ்வளவு பேர்தான். பக்கத்துச் சந்து வழியாக நாங்கள் பின்கட்டுக்குப் போவோம். கிணற்றடியைத் தாண்டி உள்ளே கால் வைக்கக்கூடாது. அம்மா அந்த மாமியிடம் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது மருமகள் என்னைத் தூக்கிக்கொள்வாளாம். எங்களைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று சொல்கிற வீடு அது. ஆனாலும் தூக்கிக்கொள்வாளாம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் ஒரு தகர டப்பாவில் கல்கண்டு ஒளித்து வைத்திருந்து, எனக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு என்று எடுப்பாளாம்.

இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது. எனக்கே நினைவில் இருந்தது கொஞ்சம்தான். பச்சைக் கண்ணாடி வளையல். கையில் சுற்றிய வெள்ளைத் துணி. என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது என் உச்சந்தலையில் சூடாக ஏதோ சொட்டியது.

எனக்கு மூன்று வயசு ஆகப்போகிற சமயத்தில் அவள் கிணற்றில் விழுந்து செத்தாள். தண்ணீர் இறைக்கும்போது கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அபிராமபுரத்திலிருந்து ஓடிவந்த அவளுடைய அம்மா அதை நம்பவில்லை. வாசலில் நின்று, என் பெண்ணை என்ன செய்தீர்கள் என்று தெருவே கேட்கும்படி கேட்டாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அந்த நாளில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு மருமகள் எப்படிச் செத்தாள் என்று பார்க்க யாருக்கு நேரம்? நாங்களும் தஞ்சாவூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம்.

பயம் தெளிந்து ஊர் திரும்பிய பிறகு, அம்மா பழைய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் தைக்கத் துணி கேட்டாள். வக்கீல் வீட்டுக்கும் போனாள். எனக்கு அப்போது ஐந்து வயசு. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நான் நேராகத் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, மாடத்துக்குள் கையை விட்டு அந்த டப்பாவை எடுத்தேன். துருப்பிடித்துப்போயிருந்தது. உள்ளே கல்கண்டு இல்லை, எறும்புதான். அக்கா எங்கே என்று கேட்டேன். அந்த மாமியின் முகம் வெளுத்துப்போயிற்று என்று அம்மா சொல்வாள். தன் மருமகள் அங்கே ஒரு டப்பா வைத்திருந்தது மாமிக்கே தெரியாது. அன்றைக்குத் துணி எதுவும் கொடுக்காமல் எங்களை அனுப்பிவிட்டாள்.

சில நாள் கழித்து ஆள் அனுப்பினாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். அதற்குள் அந்த வீட்டில், செத்த மருமகள்தான் நானாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்று பேசி முடித்திருக்கிறார்கள். மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பண்ண முயற்சி நடந்துகொண்டிருந்தது. பெண் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் கிணற்றுக் கதையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். செத்தவளே திரும்பி வந்து, நான் வழுக்கித்தான் விழுந்தேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டால் பேச்சு ஓய்ந்துவிடும் அல்லவா?

அம்மா முடிந்தவரை சொன்னாள். குழந்தை இந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவள்தான், அந்த அம்மா கல்கண்டு கொடுப்பார்கள், அதனால்தான் தெரியும் என்றாள். அவர்கள் சாகும்போது இவளுக்கு மூன்று வயசு ஆகப்போகிறது, இவள் எப்படி அவர்களாக முடியும் என்றும் கேட்டாள். அதற்கு வக்கீல், அந்தச் சமயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டார். எந்தக் குழந்தைக்குத்தான் காய்ச்சல் வராது? அம்மை போட்டிருந்தது என்று அம்மா வெகுளியாகச் சொன்னாள். அப்போதுதான் இந்த உயிர் போய் அந்த உயிர் உள்ளே வந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெற்றவள் எதிரிலேயே, உன் பெண் அன்றைக்கே செத்துவிட்டாள் என்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை.

என்னைக் கூடத்துக்குள் கூட்டிப்போனார்கள். அம்மாவைப் பின்கட்டிலேயே நிற்கச் சொன்னார்கள். எனக்குள் இருந்த உயிர் அவர்கள் ஜாதி, அதனால் நான் உள்ளே போகலாம். என்னைச் சுமந்து பெற்றவள் போகக்கூடாது.

மணையில் உட்கார வைத்தார்கள். கை நிறையக் கல்கண்டு கொடுத்தார்கள். தெருவிலிருந்து நாலு பெரிய மனிதர்களை அழைத்திருந்தார்கள். அபிராமபுரத்து அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். நீ எப்படிக் கிணற்றில் விழுந்தாய், கால் வழுக்கித்தானே என்று வக்கீல் கேட்டாராம். நான் தலையாட்டினேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. வாய் நிறையக் கல்கண்டு இருக்கும்போது எதைக் கேட்டாலும் தலையாட்டியிருப்பேன்.

அடுத்து நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அபிராமபுரத்து அம்மா எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கொழந்தே, உனக்கு வேற என்ன ஞாபகம் இருக்கு?"

"அந்த அக்கா அழுவாங்க. கையில துணி சுத்தியிருப்பாங்க."

"எந்தக் கையில?"

நான் என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் திரும்பி, என் பெண் கைக்கு என்ன ஆச்சு என்று சம்பந்தியம்மாளைக் கேட்டாள். மாமி, குழந்தைக்கு அசதி, ஏதோ உளறுகிறது என்றாள். வக்கீல் சிரித்தார்.

"அஞ்சு வயசுக் கொழந்தை சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா?"

அதே குழந்தை. அதே மணை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் தலையாட்டியபோது அது பரலோகத்திலிருந்து வந்த வாக்குமூலம். என் சொந்தக் கண்ணால், இந்த ஜென்மத்தில் பார்த்ததை வாயைத் திறந்து சொன்னபோது அது உளறல். கூடியிருந்தவர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எல்லோரும் படித்தவர்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அபிராமபுரத்து அம்மா மட்டும் விடுவிடென்று பின்கட்டுக்குப் போய் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மறைக்கவில்லை. கையில் இருந்தது சுட்ட புண், கொப்புளம் உடைந்திருந்தது, எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு அந்தப் பெண் பதில் சொல்லவில்லை என்றாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் என்னைக் கேக்கலையேம்மா" என்றாள். அன்றோடு அந்த வீட்டுக்கு நாங்கள் போவது நின்றது.

ஆனால் கதை எங்களுக்கு முன்னால் சாந்தோமுக்கு வந்துவிட்டது. சந்தில் பிள்ளைகள் என்னோடு விளையாட வரவில்லை. கிணற்றுப் பேய் என்று தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள். சர்ச் சாமியார் அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஏதோ அவள்தான் என்னைக் கூலிக்குக் குறி சொல்ல விட்டதுபோல. அப்பா, இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் குப்பை என்று தள்ளுகிறவர், அவர்கூட ஒரு நாள் என்னைத் தனியாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கண்ணு, நிஜமாகவே உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா என்று கேட்டார். அவரிடம் எனக்கு அதுவரை கோபமே வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. வீடு வரை அவர் கையைப் பிடிக்காமல் நடந்தேன்.

அபிராமபுரத்து அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு முறை இல்லை, பல முறை. முதல் தடவை வந்தபோது நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இவளும் என்னைத் தன் பெண் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயம். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நீ என் பொண்ணு இல்லை. அது எனக்குத் தெரியும். நீ அவளைப் பார்த்தவ. அவ மடியில ஒக்காந்துண்டு இருந்தவ. அதுக்காகத்தான் வந்தேன்."

எனக்குத் தெரிந்த வளையலையும் துணியையும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாள். அந்த வீட்டில் நடந்த அத்தனை கூத்திலும் என்னை நானாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் மறுபிறவி வேண்டியிருந்திருக்க வேண்டும். அவள்தான் அதை வேண்டாம் என்று தள்ளினாள்.

அந்த வருஷமே மகனுக்குப் பெண் நிச்சயமாயிற்று. பெண் வீடு தியாகராய நகரில். செய்தி கேட்டதும் அம்மா தையல் மெஷினை மூடிவிட்டு எழுந்தாள். அப்பா, நமக்கெதற்கு வம்பு என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வெயிலில் நடந்தே போனோம். பெண்ணின் அப்பா தன்மையானவர். எங்களைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். அம்மா சுட்ட புண்ணைப் பற்றியும், அந்தப் பெண் அழுததைப் பற்றியும், என் காய்ச்சலைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். கல்யாணப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பாவாடைக் கரை எனக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தக் கொழந்தைதானே சொல்லித்து, கால் வழுக்கித்துன்னு? நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கே. அப்புறம் என்ன?"

அம்மா மோரைக் குடிக்காமல் எழுந்தாள். கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் அந்த வீட்டில்தான் வாழ்ந்தாள். தேர் அன்றைக்குக் கூட்டத்தில் ஓரிரு முறை பார்த்திருக்கிறேன். மாமியாருக்குப் பின்னால் தலையைக் குனிந்து நடந்து போனாள். கைகளை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை புடவைத் தலைப்பால் போர்த்தியிருந்தாள். அது அந்த வீட்டு வழக்கமா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் போய்க் கேட்க எனக்கு யாரும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.